வாய் திறந்தால் நெருப்பு

படகோட்டி மறுபடியும் எரிந்து போனார். ஏழாவது தடவை. நொயேலியாவுக்குக் கையிலிருந்த வீடியோ கேம் கன்ட்ரோலரைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

"டேய் நாச்சோ, நான் பேசத்தான்டா போனேன். சிவப்புப் பொத்தானை அமுக்கினா பேசணும். எல்லா விளையாட்டுலயும் அப்படித்தானே?"

தம்பி பதில் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. விளையாட்டு செய்கிறவர்களிடம் ஒரு சட்டம் உண்டு: யாரையாவது உட்கார வைத்துச் சோதித்துப் பார்க்கும்போது, செய்தவன் பின்னால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவன் மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தான்.

ஆறு மணிக்குள் இந்த விளையாட்டைப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். இரண்டு வருஷமாகத் தன்னந்தனியாக, அந்தக் காலத்துக் கட்டம் கட்டமான படங்களோடு அவன் செய்தது. 'அக்கா நல்லா இல்லைன்னு சொன்னா அனுப்பல, திங்கட்கிழமையே மாமாவோட டயர் கடைக்குப் போயிடுறேன்' என்று அம்மாவிடம் வாக்கும் கொடுத்துவிட்டான். இந்தப் பாவத்தை ஏன் தன் தலையில் கட்டினான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதை என்னவோ எளிதுதான். நீங்கள் ஒரு பச்சை டிராகன்; பொத்தானை அமுக்கி வாயைத் திறந்தால் நெருப்புதான் வரும். ஆற்றுக்கு அக்கரையில் உங்கள் முட்டை இருக்கிறது.

"இறக்கை இருக்கே, பறந்து தொலைய வேண்டியதுதானே?"

இறக்கை சும்மா படபடத்தது.

ஐந்தே முக்காலுக்கு அவள் கன்ட்ரோலரைச் சோபாவில் வீசிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "ரொட்டிக்காரி போனா, காவல்காரன் போனான், ஒரு ஆட்டைக்கூட விடல. கிட்டப் போனா எரியுறாங்க, இல்லன்னா ஓடுறாங்க. யாருகிட்டதான்டா நான் வழி கேக்குறது? இதை விளையாடுறவன் உன் வீடு தேடி வந்து உதைப்பான்."

நாச்சோ அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் திரும்பினாள்.

டிராகன் சும்மா உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஆடு மேய்ந்தது. ரொட்டிக்காரி தயங்கித் தயங்கி வந்து ஒரு ரொட்டியை வைத்துவிட்டுப் போனாள். படகோட்டி துடுப்பை ஊன்றிக்கொண்டு மெல்ல எதிரே வந்து நின்றார். 'எங்கே போக வேண்டும்?' என்று எழுத்துகள் வந்தன.

"ஒண்ணுமே செய்யாம இருந்தாதான் வருவாங்களா? இதை எவன்டா கண்டுபிடிப்பான்?"

"நீ கண்டுபிடிச்சியே." சட்டம் காற்றில் போயிற்று.

"கண்டுபிடிக்கல. தூக்கிப் போட்டேன்."

"எல்லாரும் தூக்கித்தான் போடுவாங்கக்கா."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

"அக்கா," என்றான். "அனுப்பட்டுமா, டயர் கடைக்குப் போகட்டுமா?"

நொயேலியாவின் விரல் பழக்கதோஷத்தில் சிவப்புப் பொத்தானைத் தேடிப் போயிற்று. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அனுப்பித் தொலைடா. சும்மா தொணதொணக்காதே, படகோட்டி படகை அவுக்குறாரு."