தண்ணீர் ஊற்றும் முன்

கழிவறைப் பீங்கானில் தேங்கியிருந்த சிவப்பைப் பார்த்ததும் பவளம் தூக்கிய வாளியைக் கீழே வைத்தாள். வீட்டில் இருப்பது அவளும் கணவனும் மட்டும். அவளுக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருடமாகிறது.

கழிவறை கட்டிய பிறகும் பச்சமுத்து ஏரிக்கரைக்குத்தான் போவான். இன்று மழை கொட்டியதால் வீட்டிலேயே போனவன், தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டான்.

"இன்னாய்யா இது?"

அவன் எட்டிப் பார்த்தான். "பீட்ரூட் துன்னேன்ல."

"எவ வூட்ல துன்ன? இந்த மாசம் நான் பீட்ரூட்டே வாங்கல."

பச்சமுத்து சட்டைப் பையில் பீடியைத் துழாவினான். "ஒடம்புச் சூடுடி. எளநி குடிச்சா நின்னுடும். பொங்கலப்போகூட நின்னுச்சே."

இது ஆடி மாதம். பவளத்தின் குரல் தெருமுனை வரை கேட்டது. "ஆறு மாசமா ரத்தமா போற. பக்கத்துல படுத்துக்கினு கீறவகிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"வலியே இல்லடி. வலிச்சா சொல்லியிருப்பேன்."

"தலவலி வந்தா ஊரையே கூட்டுவ. ரத்தம் போனா மட்டும் ரகசியமா? எடுய்யா வண்டிய!"

சாலவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் வரை வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அவன் சட்டையைப் பிடித்த கையை விடவே இல்லை.

சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன். பிறகு மெல்லிய குழாயில் கேமரா விட்டுப் பார்த்தார் டாக்டர் ஞானசுந்தரி. சிறுநீர்ப்பைக்குள் பூப்போல ஒரு கட்டி.

"வலியில்லாம ரத்தம் வந்தாதான் நாங்க ரொம்ப பயப்படுவோம். தானா நின்னுட்டாலும் நோய் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. பீடி எத்தன வருஷமா?"

"முப்பது வருஷம். அதுல பதினெட்டு வருஷம் சாயப்பட்டறை வேல."

"பீடி, சாய மருந்து ரெண்டுமே காரணமா இருக்கலாம்."

"பீடி நெஞ்சத்தானே கெடுக்கும்?"

"அந்த விஷம் ரத்தத்துல கலந்து, சிறுநீரா வந்து இந்தப் பையிலதான் தேங்குது."

கட்டியை அகற்றிச் சோதித்தார்கள். புற்றுநோய்தான்; தசைச்சுவருக்குள் இறங்கவில்லை. ஆனால் திரும்ப வரக்கூடியது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா வைத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் பவளம் பீடிக்கட்டை வாளியில் அமுக்கினாள். "இனிமே ஏரிக்கரையும் கிடையாது. இங்கதான் போவணும். நான் பாத்த அப்புறம்தான் தண்ணி ஊத்தணும்."

"வெக்கமா கீதுடி."

"ஆறு மாசம் மறச்சப்போ எங்கய்யா போச்சு அந்த வெக்கம்?"

மறுநாள் காலை உள்ளிருந்து தயங்கித் தயங்கிக் குரல் வந்தது. "பவளம்... வந்து பாரு."

போய்ப் பார்த்தாள். வெளிர் மஞ்சள். இரண்டாவது முறையும் குனிந்து பார்த்தாள். பச்சமுத்து அவள் முகத்தையே பார்த்தான்.

"என் மூஞ்சியில இன்னா கீது? ஊத்து!"

அவன் ஊற்றினான்.

"நாளைக்கும் கூப்பிடு," என்றாள், கோபம் குறையாமல்.