கேஸ் குழாயில் கட்டிய எர்த்

கேஸை விட்டுக் கரண்ட் அடுப்புக்கு மாறும் வீடுகளில் லைன் இழுப்பதற்காக, மும்பை செம்பூரில் வயர்மேன்களுக்கு ஆறு வாரப் பயிற்சி நடந்தது. சர்ட்டிபிகேட் இல்லாதவனுக்கு இனி வேலை கிடையாது என்று கான்ட்ராக்டர் கறாராகச் சொல்லிவிட்டதால், தாராவி சுடலைக்கண்ணனும் ஐம்பது வயதில் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான்காம் வாரம் பாடம் எடுத்த ரெபேக்கா, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் வயரைக் கேஸ் குழாயில் கட்டுகிற கூத்தும் நடக்கிறது என்றாள். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த சேசுராஜ், "எந்தக் கூறுகெட்ட பய வே அதைச் செய்வான்?" என்று தொடையில் தட்டினான். சுடலைக்கண்ணனும் சிரித்து வைத்தார்.

செய்தவர் அவர்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், மாதுங்காவில் மூன்று மாடிக் கட்டடம், பதினான்கு அடுப்படி. எர்த்துக்கு முற்றத்தில் குழி தோண்ட வேண்டும். இப்போதுதான் டைல்ஸ் போட்டோம், கை வைக்கப்படாது என்றுவிட்டாள் குடியிருப்பு சொசைட்டி செக்ரட்டரி சுப்புலக்ஷ்மி மாமி. கான்ட்ராக்டரோ சாயங்காலத்துக்குள் முடி என்று நின்றான். குழாய் எப்படியும் மண்ணுக்குள்தானே போகிறது என்று பச்சை வயரையெல்லாம் அதில் சுற்றி, மூடிவிட்டு வந்தார். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

ரெபேக்கா போர்டில் படம் போட்டாள். குழாயைக் கீழே வெட்டிவிட்டால் அது மண்ணைத் தொடாது. வீட்டுக்கு வீடு மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் கரண்ட் கசிந்தால் எல்லா வீட்டு பிரிட்ஜிலும் கீசரிலும் ஏறும். பிறகு, சனிக்கிழமை தேர்வு எந்தக் கட்டடத்தில் என்று வாசித்தாள். அதே மாதுங்கா கட்டடம். கேஸ் லைனை வெட்டும் ஆளும் அன்றே வருகிறானாம்.

வெள்ளிக்கிழமை சும்மா வந்தவர்போல் அங்கே போனார். இரண்டு வீட்டில் குழாயிலிருந்து வயரைப் பிரித்தார். மூன்றாவது வீட்டில் பூட்டு. அப்புறம்தான் உறைத்தது: பிரித்தால் எர்த்தே இல்லை, விட்டால் உயிருக்கு ஆபத்து, வாயைத் திறந்தால் பிழைப்பு போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பிரித்ததைத் திரும்பக் கட்டிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை மேல்மாடி அடுப்படியில் அவர் கையில் தேர்வுத் தாள் இருந்தது. எர்த் சரியா என்ற இடத்தில் டிக் போட வேண்டும்; அடியில் செக்ரட்டரி கையெழுத்து. மாமி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"உங்க வேலைன்னா நான் பாக்கவே வேண்டாம் சுடலை. கண்ண மூடிண்டு கையெழுத்துப் போட்ருவேன்."

கீழே கேஸ் லைனை வெட்ட வந்த ராஹில் வால்வை மூடும் சத்தம் கேட்டது. பேனா டிக்குக்குப் பாதி போய் நின்றது. சுடலைக்கண்ணன் இரண்டிரண்டு படியாக இறங்கி, ராஹில் பிளேடு வைத்த இடத்துக்கு மேலே குழாயை இறுகப் பிடித்துக்கொண்டார். ராஹில் இந்தியில் திட்டினான். ரெபேக்கா ஓடிவந்தாள்.

"வெட்டச் சொல்லாதீய டீச்சர். எல்லா வீட்டு எர்த்தும் இதுலதான் கெட்டிருக்கு. நான் கெட்டுனது."

சேசுராஜ் தலையைக் குனிந்துகொண்டான். மாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ரெபேக்கா சுடலைக்கண்ணன் கையிலிருந்த தேர்வுத் தாளை வாங்கி மடித்தாள்.

"இந்தக் கட்டடம் மட்டுந்தானா, அண்ணாச்சி?"

ஆமாம் என்றால் இத்தோடு போய்விடும். ராஹில் அடுத்து எந்தக் கட்டடத்தில் குழாயை வெட்ட வேண்டும் என்று போனில் தேடிக்கொண்டிருந்தான். சுடலைக்கண்ணன் குழாயை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"இல்ல. எழுதிக்கிடுங்க. செம்பூர்ல ரெண்டு. விக்ரோலில ஒண்ணு, அங்க இருவது வீடு. தாதர்ல..."

கட்டடத்தின் பெயர் நினைவுக்கு வராமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.