எதிர்ச் சரிவின் மலைக்காடை

பேரக்குழந்தையின் அழுகையை நிறுத்த சம்பந்தி சீட்டியடித்தார். தேநீர் கொண்டுவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, கடைசியில் விக்கல் மாதிரி ஒரு வெட்டு. சந்தேகமே இல்லை, மலைக்காடை. அதுவும் வருடாவருடம் அவளுக்குப் பதில் கொடுக்கும் அதே மலைக்காடை.

அவள் வனத்துறையில் கணக்கெடுப்பவள். காடையைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது யாருமில்லை. புதரை விட்டு வெளியே வராத ஜென்மம் அது. அதனால் விடியலில் சரிவில் நின்று அதைப் போலச் சீட்டியடிக்க வேண்டும். பதில் வந்தால் பதிவேட்டில் ‘உண்டு’. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கச் சரிவு வேறு அலுவலகத்தின் கீழ் வருகிறது. அங்கே கணக்கெடுப்பவர் சம்பந்தி. அதே நாள், அதே விடியல், அதே ‘உண்டு’. அவர் மகனுக்குத் தன் மகளைக் கொடுத்தபோது இரண்டு பேரும் ஊர்ப்பட்ட கதை பேசினார்கள். இந்தச் சீட்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அப்படியானால் இத்தனை வருடமும் அவளும் சம்பந்தியும்தான் மாறி மாறிக் கூவிக்கொண்டிருந்தார்களா? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த மலையைக் கல்குவாரிக்காரர்கள் தொடாமல் இருப்பதே காடையின் புண்ணியத்தில்தான். இரண்டு பக்கமும் ‘இல்லை’ என்று எழுதினால் மறுநாளே வெடி வைத்துவிடுவார்கள்.

“என்ன சம்பந்தியம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லைங்க.”

கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டால் மனுஷர் நொந்துபோவார். கேட்காவிட்டால் அவளுக்கு மண்டை வெடித்துவிடும். கேட்காமலேயே விட்டாள்.

கணக்கெடுப்பு நாளன்று சரிவில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கமிருந்து சீட்டி வந்தது, அந்த வெட்டோடு. நிஜக் காடை ஒன்றே ஒன்றாவது இருந்தால் இப்போது கூவித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். மறுபடியும் சீட்டி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எந்தப் புதரும் மசியவில்லை.

செல்போன் அடித்தது. சம்பந்திதான்.

“என்னம்மா, இன்னைக்கு வரலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா? நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், நீங்க பதிலே குடுக்கலையே!”

எப்போதிலிருந்து இவருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டா வருடாவருடம் ‘உண்டு’ என்று எழுதினார்? போனைக் காதில் வைத்தபடியே சீட்டியடித்தாள்.