டார்ன் போகும் வழி

கொரின் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். வாரத்தில் ஐந்து நாள் ஷெபாய்கன் நகரத்துப் பிள்ளைகள் அவள் பொறுப்பு. ஞாயிறு மதியம் ஒரு முழு உலகமே அவள் பொறுப்பு. சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி வாயாலேயே ஆடும் சாகச ஆட்டம் அது. பதினோரு வருடமாக அவள்தான் நடத்துகிறாள். ஆட வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள்: "நீங்க எங்க வேணாலும் போங்க, என்ன வேணாலும் செய்ங்க. ஆனா உங்களுக்காக என் உலகம் நிக்காது." இவர்கள் எட்டிப் பார்க்காத ஊரிலும் அறுவடை நடக்கும், அரசன் சாவான், திருடன் ஊர்த் தலைவனாவான். வாராவாரம் நோட்டில் எழுதிவைப்பாள்.

டார்ன் என்ற ஆற்றங்கரை ஊரில் மட்டும் எதுவும் நடக்கவில்லை. கூட ஆடும் ஓடெலின் மனைவி பெட்டினா ஆடிய வில்லாளி மிரெல், கால் முறிந்து அங்கே ஒரு விடுதியில் படுத்திருந்தாள். அடுத்த ஞாயிறு வருவதற்குள் பெட்டினா மாரடைப்பில் போய்விட்டாள். இரண்டு வருடமாகக் கொரின் நோட்டில் அந்த ஊரின் பக்கத்தைத் தொடவில்லை.

இந்த ஞாயிறு ஆட்டத்தில் தெற்கு நகரத்தைப் பனிப்பூதங்கள் முற்றுகையிட இருந்தன. மூன்று வாரம் உட்கார்ந்து வரைபடம் போட்டிருந்தாள். முட்டி வலிக்காக ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஓடெல் சாசேஜைக் கடித்து மென்று விழுங்கிவிட்டு, தன் குள்ள வீரனைப் பற்றிச் சொன்னார்.

"ஹோக்கன் வடக்க போறான். டார்னுக்கு."

பக்கத்தில் ஆட உட்கார்ந்திருந்த ட்ரூடி பகடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"வடக்கு வழியில..." என்று கொரின் இழுத்தாள்.

"பாலம் உடைஞ்சிருச்சா? போன வருஷம் ரெண்டு தடவ உடைச்ச. அதுக்கு முன்ன பனிச்சரிவு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், கொரின்."

அவளுக்கு முகம் சுட்டது. இவருக்காகத்தான் என்று இத்தனை நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஊருக்குள் நுழையப் பயந்தது அவள்தான்.

"போனா தாங்குவியா?"

"தெரியல. போய்ப் பாக்கணும்."

வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். பெட்டினாவின் குரலில் பேச வாய் வராது. மிரெலைச் சாகடிக்கவும் கை வராது.

"ஓடெல், மிரெல் என்ன செய்யணும்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. எல்லாம் பெட்டினா முடிவு. இப்பவும் நான் சொல்லமாட்டேன். ரெண்டு வருஷத்துல அவ என்ன பண்ணியிருப்பா, நீ சொல்லு."

 ஓடெலின் உதட்டோரம் மெல்ல அசைந்தது.

"அவளா? கால் கட்டு பிரிக்கிறதுக்குள்ள, சூப்பு சரியில்லன்னு விடுதிக்காரன் சமையக்கட்டுக்குள்ள நுழைஞ்சிருப்பா."

"நுழைஞ்சு, அவன விட மோசமா வெச்சிருப்பா!" என்றாள் ட்ரூடி. பெட்டினாவின் சமையலைச் சாப்பிட்டிருந்த மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு கதை தானாக வந்தது. மிரெல் படகுக்காரன் பெண்களுக்கு வில் பழக்கினாள். பூசாரியோடு சண்டை போட்டாள். ஒரு வசந்தத்தில், கடலைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

"சொல்லாம கொள்ளாமயா?" என்று கேட்டாள் கொரின்.

"சொல்லிட்டுத்தான். நாலு தடவ போயிட்டு வரேன்னு சொல்லிட்டு, அப்புறம் வாசல்லயே ஒரு மணி நேரம் நின்னு..."

 ட்ரூடி ஓடெலின் முதுகில் கை வைத்தாள். கொரின் ஒரு சொல் விடாமல் எழுதினாள். பின் ஹோக்கனை மழையில் டார்னுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மிரெல் இருந்த அறையில் இப்போது ஒரு கம்பளி வியாபாரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"அவ பின்னால கடலுக்குப் போறியா?"

ஓடெல் பகடையை விரலில் உருட்டிக்கொண்டே யோசித்தார். "இல்ல. ஹோக்கன் இங்கயே இருக்கட்டும். படகு தள்ள ஆள் வேணும்ல?"

"வேணும்தான்."

"அப்ப எனக்கு ஒரு புதுத் தாள் குடு."

அவர் தாளில் தான் இனி ஆடப்போகும் புதிய வேடத்தை எழுதத் தொடங்கியதும் கொரின் தொண்டையைக் கனைத்தாள். "இந்த நேரத்துல தெற்கு நகரத்துக் கோட்டைச் சுவர் விழுந்திருச்சு."

"அடிப்பாவி! நாங்க பகடையே உருட்டலையே!" என்று கத்தினாள் ட்ரூடி.

"நீங்க வடக்க போனீங்க. பூதங்க சும்மா இருக்குமா?"

ஓடெல் நிமிரவில்லை. "என் திருடன் அந்த ஊருக்குள்ளதான் மாட்டிக்கிட்டிருக்கான். வயசு இருபது," என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்துச் சேர்த்தார், "முட்டி வலி கிடையாது."