பம்பம்மாவின் ரிஜிஸ்டர்

மாமியாரின் நோட்டில் இருந்த ஏழாவது வரியை மருமகள் மூன்றாவது தடவையாகத் தட்டினாள். கறுப்புத் திரை இந்தத் தடவையும் அதே பதிலைத்தான் சொன்னது: இணைப்பு கிடைக்கவில்லை. கட்டிலின் காலடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தலை உயரத்தில் மாமியாரின் பாதங்கள் போர்வைக்குள் அசையாமல் இருந்தன.

“அண்ணி, டாக்டர் இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். இப்பப் போயா கம்ப்யூட்டரு?”

நாத்தனார் கட்டிலின் தலைமாட்டில் அம்மாவின் ஒரு கையைப் பிடித்தபடி கேட்டாள். விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

“ஒரு சின்ன வேலை. முடிச்சிடறேன்.”

“அம்மா கையப் பிடிச்சிட்டு உக்காரக் கூடாதா நீங்க?”

நியாயமான கேள்விதான். மருமகள் நோட்டின் வரியை விரலால் தொட்டு மறுபடி படித்தாள்.

மாமியார் முப்பத்தொரு வருஷம் குடிநீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டராக இருந்தவள். தெரு முழுக்க அவளுக்குப் பம்பம்மா என்றுதான் பெயர். கோபம் வந்தால் சொந்த மகனே அப்படித்தான் கூப்பிடுவான். ஓய்வு பெற்ற ஒரே மாதத்தில் வீட்டையே ஒரு வழி பண்ணிவிட்டாள். ஃபிரிட்ஜ் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், எழுந்து போய் அதன் முதுகில் கை வைத்துப் பார்ப்பாள். அப்படி இருந்தவள் எங்கோ இணையத்தில் படித்துவிட்டு இந்த மாஸ்டர்நோடைப் பிடித்துக்கொண்டாள்.

ஏதோ ஒரு கிரிப்டோ நாணயம். ஆயிரம் நாணயங்களை வாங்கித் தன் லேப்டாப்பில் பூட்டி வைக்க வேண்டும், தொடக் கூடாது. அதற்குச் சாட்சியாக எங்கோ ஓர் ஊரில் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர் ஒன்று இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். மற்ற சர்வர்கள் ‘இருக்கிறாயா’ என்று கேட்கும்போதெல்லாம் ‘இருக்கிறேன்’ என்று அது சொல்ல வேண்டும். விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் எப்போதாவது ஒரு துளி நாணயம் சொட்டும்.

“சர்வர் வாடகைக்கே காணாதும்மா இது,” என்றான் மகன்.

“பம்ப் ஹவுஸ்ல ஏத்துன தண்ணிய எல்லாம் நானாடா குடிச்சேன்? நிக்காம ஓடணும். அவ்வளவுதான் வேலை.”

விரல் நடுக்கம் இருந்ததால் தட்டும் வேலை மருமகளுக்கு வந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள், கை ஆடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாமியாரும் மருமகளும் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து அதை நிறுவினார்கள். சாயங்காலம் திரையில் ‘இனேபிள்டு’, அதாவது ஓடத் தொடங்கிவிட்டது, என்று வந்தபோது இருவரும் போட்ட கூச்சலில், லாட்டரி விழுந்துவிட்டது என்று நினைத்து மகன் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தான்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு மாமியார் கேட்பாள்: “ஓடுதா?” மருமகள் திரையைப் பார்த்து, “ஓடுது அத்தை,” என்பாள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டுப் பழைய பம்ப் ஹவுஸ் ரிஜிஸ்டரைப் போலவே மாமியார் ஒரு டிக் அடிப்பாள். “ஓடலேன்னா என்ன போடுவீங்க?” என்று ஒருநாள் மருமகள் கேட்டாள்.

“ஓடலேன்னா பெருக்கல் குறி. வட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுதான் மோசம். மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. காத்து இழுக்குதுன்னு அர்த்தம். சத்தமெல்லாம் சரியாத்தான் இருக்கும். குழாய்ல கை வச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

சர்வர் நின்று பதினொரு நாளாகிறது. தவறு மருமகளுடையது. வாடகை அவளுடைய கார்டில் போய்க்கொண்டிருந்தது. கார்டு காலாவதியானதை எச்சரித்து ஐந்து மின்னஞ்சல்கள் வந்தன. அந்த வாரம் முழுக்க அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தாள், ஒன்றையும் திறக்கவில்லை. சர்வரை அழித்துவிட்டார்கள். பூட்டிய நாணயங்கள் பத்திரமாக இருந்தன, காவலுக்கு நின்றவன்தான் போய்விட்டான். இனி வைத்தியம் இல்லை என்று மாமியாரை வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் காலை, தலையணையில் இருந்து முதல் கேள்வி வந்தது. மாமியாரின் கை மருமகளின் மணிக்கட்டின்மேல் இருந்தது.

“ஓடுதா?”

“ஓடுது அத்தை.”

அன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தாள். ஒரு பொய் சொன்னால் ஒன்பது பொய் வரும் என்பார்கள். இவளுக்கு ஒரே பொய்தான், பதினொரு காலையிலும் அதையே சொன்னாள். இன்று காலை மாமியார் கண்ணைத் திறக்காமல், குரலே இல்லாமல், வெறும் மூச்சில் கேட்டாள். மருமகள் அதற்கும் சொன்னாள். போகிறவளிடம் சொன்ன பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அவள் போவதற்குள் அதை உண்மையாக்கத்தான் முடியும். கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் புது சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தாள்.

நல்லவேளை, மாமியாரின் நோட்டில் ‘புது மெஷின் எடுத்தா’ என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் இருந்தது. ‘முதல்ல எல்லாத்தையும் புதுப்பிக்கச் சொல்லு. மடமடன்னு எழுத்து ஓடும். பயப்படாத, அது அது வேலையப் பாக்குது.’ ‘சாவிய ஒட்டறப்ப முன்னாடி பின்னாடி இடம் விடாத.’ ‘லேப்டாப்ல பழைய சர்வர் விலாசத்த அழிச்சுட்டுப் புதுசப் போடு.’ ‘பழைய பதிவெல்லாம் முதல்ல இருந்து வாசிக்கும். நாலஞ்சு மணி நேரம் ஆகும். போய்ச் சாப்பிடு.’ எழுத்துகள் வரியை விட்டு இறங்கி இறங்கிப் போயிருந்தன. மருமகள் சாப்பிடப் போகவில்லை. மத்தியானம் ஒன்றரைக்கு வாசித்து முடித்தது. அடுத்தது ஏழாவது வரி, அதுதான் துவக்கும் கட்டளை. அங்கேதான் மாட்டிக்கொண்டது.

பக்கத்தைத் திருப்பினாள்.

‘ஏழு ஆகலேன்னா வால்வத் திறந்தியான்னு பாரு. ஃபயர்வால்ல ஒரு கதவு திறக்கணும். இல்லேன்னா உள்ள இருந்து எவ்வளவு கத்தினாலும் வெளிய கேக்காது. போன தடவையும் நீ இதத்தான் மறந்த.’

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் முறைத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ‘நீ’ என்று எழுதியிருக்கிறாள். மாமியார் தனக்காக எழுதிக்கொண்டது இல்லை இது.

போன வாரம் மாமியார் நோட்டைக் கேட்டு வாங்கி, நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, மூன்று நாள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்ன அத்தை என்றதற்கு, “சும்மா. கைப்பழக்கம் விட்டுடக் கூடாதுல்ல,” என்றாள்.

மருமகள் நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். இந்த மாதத்தின் கட்டங்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த முதல் மூன்று நாளும் காலி. நான்காம் தேதி ஒரு வட்டம். ஐந்து, வட்டம். ஆறு, வட்டம். ஒவ்வொன்றும் முந்தைய நாளைவிடக் கோணலாக, எழுத முடிந்த கடைசி நாள்வரை.

மாமியாருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஒவ்வொரு காலையும் கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை திட்டாமல், வெளியே வருகிற வழியையும் எழுதி வைத்துவிட்டு, மறுபடி மறுபடி கேட்டிருக்கிறாள். மருமகளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, கட்டிலில் கிடந்த அந்தப் பிடிவாதக்காரியின்மேல் பொங்கிக்கொண்டு வந்தது அன்பு. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ஃபயர்வாலின் கதவைத் திறந்தாள். ஏழாவது வரியைத் தட்டினாள்.

திரை எதையும் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னது. இருபது நிமிஷம் அவள் கண்ணை எடுக்கவில்லை. மூன்று மணிக்குச் சற்று முன்னால் ‘இனேபிள்டு’ வந்தது.

கால் மரத்துப் போயிருந்தது. ஸ்டூலைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே தலைமாட்டுக்குப் போய், மாமியாரின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை.”

இமை அசைந்தது. உதடு கேட்க வந்ததைக் கேட்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள்.

“ஓடுது அத்தை.”

அந்த விரல்கள் மெதுவாகத் திரும்பி அவள் மணிக்கட்டின்மேல் படிந்தன. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

“ம்... இப்ப ஏறுது,” என்றாள் மாமியார்.

“என்ன ஏறுது? அண்ணி, அம்மா என்ன கேக்கறாங்க? தண்ணியா?” நாத்தனார் ஸ்பூனைத் தேடி ஓடினாள். மருமகள் அந்தக் கையை விடவில்லை.

ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது மாமியாரின் மூச்சு நின்றது. மகன் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மறுநாள் எடுத்தார்கள். பழைய பம்ப் ஹவுஸ் ஆட்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வாசல் குழாயைத் திறந்து கைகழுவிவிட்டு, சொட்டாமல் இருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மருமகளுக்குத் தானாக விழிப்பு வந்துவிட்டது. அந்த அறைக்குப் போனாள். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஸ்டூலில் லேப்டாப் அப்படியே இருந்தது. திறந்து பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது.

நோட்டை எடுத்தாள். மாமியார் போன நாளின் கட்டம் காலியாக இருந்தது. அதில் டிக் அடித்தாள். எடுத்த நாளுக்கு ஒன்று.

கணவன் வாசற்படியில் வந்து நின்றான். இரண்டு நாள் தாடி. திரையைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், கட்டிலைப் பார்க்கவில்லை.

“தூங்கினியா நீ?”

“ம்.”

“பரவாயில்லையா?”

“நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க போய்ப் படுங்க.”

அவன் போனபிறகு இன்றைய கட்டத்தில் ஒரு டிக் அடித்தாள். பேனாவை மூடப் போனவள், மறுபடி திறந்து, அந்த டிக்குக்குப் பக்கத்தில், தனக்கென்று, சின்னதாக ஒரு வட்டமும் போட்டாள்.