முதுகுக்குக் கீழே ஒரு சாண்

1

“மேலே எத்தனை சாக்குப் போட்டாலும் குளிர் போகுதில்லை.”

“குளிரு மேலருந்து வரல, கிராணியாரே. கீழருந்து வருது.”

“கீழே என்ன கிடக்கு? வெறும் காத்துத்தானே?”

“அதான்.”

இந்த நாலு வரிதான் முதலில் வந்தது. பேசுகிறவர்கள் யாரென்று அப்போது எனக்கே தெரியாது. எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும்: என் முதுகிலிருந்து.

போன டிசம்பரில் நானும் என் நண்பன் மனோகரனும் கெடாவின் குனோங் ஜெராய் மலையில் இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கு படுக்கை கட்டித் தூங்கப் போனோம். அவன் தூங்கினான். நான் இரண்டு போர்வைக்குள் சுருண்டு விடியும்வரை நடுங்கினேன். காலையில் என் படுக்கைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “கீழ ஒண்ணுமே கட்டலையா? காத்து உன் முதுக சாப்ட்டுட்டுப் போயிருக்கும் லா!” அவன் படுக்கைக்கு அடியில் இன்னொரு போர்வை, முதுகைத் தொடாமல், ஒரு சாண் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் இதே மலையில் ஆட்கள் ஒளிந்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்கள் எப்படித் தூங்கினார்கள்? கதை அந்தக் கேள்விதான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: “பனி விழுந்துகொண்டிருந்த அந்த இரவில், கணப்படுப்பின் அருகே—”

(அடித்துவிட்டேன். குளிர் என்றால் எனக்கு மொழிபெயர்ப்பில்தான் தெரியும். நான் படித்த நாவல்களில் யாராவது ஒருவர் கம்பளிக் கோட்டைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார். கெடாவில் கம்பளிக் கோட்டு கிடையாது. ஓநாயும் கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு, உலகமே எரிந்துகொண்டிருந்தபோது—”

(இதையும் அடித்துவிட்டேன். உலகம் எரிந்தாலும் மலையில் ஒளிந்த அந்த இருவரால் ஒரு சுள்ளி எரிக்க முடியவில்லை. புகை எழுந்தால் கீழே யான் என்ற ஊரின் வயல்வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும்.)

மூன்றாவதுதான் நிற்கிறது. நாற்பத்து மூன்று, மழைக்காலம். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ரப்பர்த் தோட்டந்தோட்டமாக ஆள் கேட்டான். மூன்று மாத வேலை என்றான். சித்திரையில் போனவர்கள் ஐப்பசி வந்தும் திரும்பவில்லை. இரண்டாவது தடவை நாற்பது பேர் கேட்டதும், பால் வெட்டுகிற பழனியாண்டி நாலைந்து கோணிச் சாக்கும் கொஞ்சம் கயிறும் எடுத்துக்கொண்டு மலை ஏறிவிட்டான். ஐந்தாம் நாள் அவன் பின்னாலேயே இன்னொருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார்: தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கனகரத்தினம், ஐம்பது வயது, யாழ்ப்பாணத்துக்காரர்.

முதல் பட்டியல் எழுதியவர் அவர்தான். அதில் பழனியாண்டியின் தம்பி முருகையா பெயர் இருந்தது.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பழனியாண்டி அவரை ஏன் அடிக்கவில்லை?

ஒரு பிரதியில் அடித்தான். ஓடைக்கரையில், விறகுக் கட்டையால். எழுதி முடித்து வாசித்தபோது அடித்தது அவன் கை இல்லை, என் கை என்று தெரிந்தது. அடிக்கவே வேண்டியதில்லை. கிராணிக்கு ஏறி வந்த மறுநாளே காய்ச்சல். கயிறு கட்டத் தெரியாது, கிழங்கு தோண்டத் தெரியாது. பழனியாண்டி பேசாமல் இன்னும் இரண்டு மைல் மேலே போய்விட்டால் போதும். மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும்.

போகலாமா, இருக்கலாமா என்பதுதான் அவனுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. “இன்னிக்கிப் படுக்கை கட்டிக் குடுப்போம், நாளைக்கிப் போவோம்” என்று மூன்று நாளை ஓட்டிவிட்டான்.

கட்டுவது அவனுக்குப் பழக்கமான வேலை. அம்மா பால் வெட்டப் போகும்போதெல்லாம் ரப்பர் மரத்தடியில் தூளி கட்டி முருகையாவைப் போடுவாள். ஏழு வயதுப் பழனியாண்டிதான் கயிற்றைப் பிடித்து ஆட்டுவான். நிறுத்தினால் அழுகை. அம்மா ஒரு நிரை மரங்களை முடித்து வருவதற்குள் அவன் கை மரத்துப் போயிருக்கும்.

கோணியைப் பிரித்து, இரண்டு முனையிலும் சுருக்கிக் கட்டி, மரத்துக்கு மரம் தொங்கவிட்டான். கிராணி அதில் ஏறி மல்லாந்து படுத்தார். உடம்பு வாழைக்காய்போல வளைந்தது.

“கோடு போட்ட மாதிரி நேரா படுக்காதீங்க. கோணலா படுங்க. தல இந்தப் பக்கம், காலு அந்தப் பக்கம்.”

“கோணலாப் படுத்தா விழமாட்டனோ?”

“விழுந்தா நான் சிரிப்பேன். வேற ஒண்ணும் ஆவாது.”

கோணலாகப் படுத்ததும் முதுகு மட்டமானது. கிராணி வியப்பாகப் பார்த்தார். மழைக்கும் பழனியாண்டி வழி வைத்திருந்தான். மரத்தில் வடியும் தண்ணீர் கயிற்றோடு ஓடிச் சாக்கை நனைக்கும். கயிற்றின் நடுவே ஒரு நார்த் துண்டைக் கட்டித் தொங்கவிட்டான். ஓடி வந்த தண்ணீர் அந்த நாரைப் பிடித்துக்கொண்டு தரையில் சொட்டியது. பாலுக்கு வழி வெட்டத் தெரிந்தவனுக்கு மழை என்ன பிரமாதம்?

குளிர்தான் அவனுக்கு அடங்கவில்லை.

4

(இந்தப் பகுதியில் கிராணி தப்பி வந்த கதை இருந்தது. சைக்கிள், சோதனைச் சாவடி, பெருக்கெடுத்த ஆறு எல்லாம் வைத்து நன்றாகவே எழுதியிருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. அதனால் எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் பாக்கி: அவர் தோளில் ஒரு மூட்டை இருந்தது.)

5

மூட்டைக்குள் ரப்பர் ஷீட்டில் சுற்றி, செக்ரோல் ஏழு. தோட்டத்தில் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று நாள்தோறும் பெயர் எழுதும் பெரிய பதிவேடு அது. இந்த ஏழும் இல்லாவிட்டால் ஜப்பான்காரனுக்கு ஆள் தெரியாது, பெயர் தெரியாது, யார் எந்த லயத்து வீட்டில் என்று தெரியாது. அதற்காகவே தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார்.

“அங்கயே எரிச்சிருக்கலாமே?” என்றான் பழனியாண்டி.

“உனக்கு விசரோ? கம்பெனிச் சாமான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தா என்னெண்டு பதில் சொல்லுறது?”

“நம்மள புடிச்சான்னா இதையும் சேத்துதான புடிப்பான்?”

கிராணி மூட்டையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார்.

(ஒரு மனிதன் இப்படிச் செய்வானா என்று நீங்கள் கேட்கலாம். உயிருக்குத் துணிந்து ஓடி வருகிறவன், கூடவே ஏழு பதிவேட்டையும் கிழியாமல் சுமந்து வருவானா? கிராணி செய்வார். இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமே இல்லாத இடம் இது ஒன்றுதான்.)

கிராணி வந்த நாலாம் நாள் பிற்பகல். மழை விட்டு மூட்டம் இறங்கியது. கிராணியின் பல் கிடுகிடுத்தது. காலையில் அவரே தழைகளை அள்ளிச் சாக்குக்குள் திணித்து, அதன்மேல் படுத்துப் பார்த்திருந்தார். உடம்புக்கடியில் தழை அப்பளமாக நசுங்கியது. போதாததற்கு ஈரம் வேறு.

பழனியாண்டி கையை அடியில் விட்டுப் பார்த்தான். சாக்கு ஐஸாக இருந்தது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை அவன் நினைவுக்கு வந்தது. ஷீட்டை மூங்கிலில் தொங்கவிடும்போது ஒன்றோடு ஒன்று ஒட்டக் கூடாது. ஒட்டினால் நடுவே சூடு போகாது, பூஞ்சை பிடிக்கும். இடைவெளியில்தான் சூடு நிற்கும்.

“மேல படுத்து நசுக்கிட்டா எதுவும் சூடு தராது, கிராணியாரே. உங்களுக்குக் கீழ இன்னொரு சாக்கு தனியா தொங்கணும். அதுக்குள்ள காஞ்சதா எதையாவது பொதபொதன்னு ரொப்பணும். முதுகு அதுல படக் கூடாது.”

“இந்தக் காட்டில காய்ஞ்சது எண்டு என்ன கிடக்கு?”

பழனியாண்டி மூட்டையைப் பார்த்தான். கிராணியும் பார்த்தார்.

“அது ஏலாது.”

“அப்ப குளிருல கெடங்க.”

மூட்டம் இன்னும் இறங்கியது. கடைசியில் கிராணிதான் கையை நீட்டினார். முதல் தாளை அவரே கிழித்தார். கிழிக்கும்போதும் தையலோரமாக, நேராக.

ஒவ்வொரு தாளாகக் கசக்கி உருட்டிப் பழனியாண்டி அடிச் சாக்கில் போட்டான். எழுத்து இங்கிலீஷ். அவனுக்குத் தெரியாது. பாதி நிறைந்ததும், காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் நிற்பவனைப்போலக் கேட்டான்:

“பெரட்டுக்கு எல்லாரும் வந்துட்டாங்களா? ஹாஜர் போட்டுக்குங்க. இனிமே அத்தன பேரும் உங்களுக்குக் கீழதான்.”

கிராணி அடுத்த தாளைக் கிழித்து நீட்டினார்.

“என் தம்பி பேரு எதுல?”

அவர் நெடுநேரம் புரட்டினார். சித்திரை மாதத் தாள். ஒரு வரியில் விரலை வைத்தார். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடு.

“கலியாணம் கட்டாத ஆக்களைத்தான் எழுதினனான். பிள்ளைகுட்டி இருக்கிற ஆக்களை விட்டிட்டன். அது நியாயம் எண்டு நினைச்சன்.”

“மூணு மாசத்துல வந்துருவான்னு நெனச்சீங்களா?”

“ஓம்.” பிறகு, “இல்லை. நினைக்கேல்லை.”

பழனியாண்டி அந்தத் தாளை வாங்கினான். அதைத் தனியே மடித்து மடியில் வைத்துக்கொள்வான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் அதையும் கசக்கினான். மற்றதைப்போலவே, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடுவில், இடுப்புக்கு நேராக வரும்படி வைத்து, சாக்கை ஒரு சாண் கீழே தொங்கவிட்டுக் கட்டினான்.

6

முடிவுகள்.

அ. பழனியாண்டி போய்விடுகிறான். (எழுதினேன். இரண்டே வரி. சாக்கைக் கட்டிவிட்டுப் போகிறவன் அதை ஏன் கட்ட வேண்டும்?)

ஆ. போர் முடிகிறது. முருகையா ஒற்றைக் காலோடு திரும்பி வருகிறான், அண்ணனும் தம்பியும் பாடாங் செராய் கடைத்தெருவில்— (இதை எழுதி இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்ததும் சந்தோஷம் போய்விட்டது.)

இ. இருவரும் பிடிபடுகிறார்கள். சோல்ஜர் அடிச் சாக்கைக் கத்தியால் கிழிக்க, தாள்கள்— (பார்க்க அழகாக இருக்கும். அதனாலேயே வேண்டாம்.)

ஆக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பிற்பகல் மட்டும். அதை உங்களிடம் அப்படியே தருகிறேன். நீங்கள் பழனியாண்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். மலைக்கு மேலே போகும் தடம் வலது கைப்பக்கம். படுக்கையின் கயிறு இடது கைக்கு எட்டும் தூரம்.

கிராணி கோணலாகப் படுத்திருக்கிறார். பல் கிடுகிடுப்பது நின்றிருக்கிறது. அடிச் சாக்கில் தாள்கள் லேசாகச் சரசரக்கின்றன.

“இப்ப எப்படி இருக்கு?”

“முதுகில சூடு தெரியுது. ஓம். தெரியுது.”

பழனியாண்டி எழுந்து நின்றான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். தடத்தைப் பார்த்தானா கயிற்றைப் பார்த்தானா என்று எனக்குத் தெரியவில்லை. மூட்டத்தில் முகம் மறைந்துவிட்டது. கிராணி கண்ணைத் திறக்காமலே, காய்ச்சலில் கம்மிய குரலில் கேட்டார்:

“பழனியாண்டி, போறதுக்கு முந்தி… கயித்தைப் பிடிச்சு ஒருக்கா ஆட்டிவிடுமன்.”