பாங்கு இல்லாத நோன்பு

"உங்க வீட்டு நோன்புக் கஞ்சியில அப்படி என்னம்மா போடுறீங்க? அதைக் குடிச்சிட்டு வந்தா ராத்திரி இங்க ஒரு வாய் தொட மாட்டேங்குறா" என்று சிரித்தார் டோரதியின் அம்மா சகாயம்மாள்.

டோரதியின் தோழி ஜீனத் சட்டென்று நிமிர்ந்தாள். "ஆன்ட்டி, டோரதி எங்க வீட்ல கஞ்சியே குடிக்கிறதில்ல. வீட்ல அம்மா சாப்பாடு எடுத்து வச்சிருப்பாங்கன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவா."

இத்தனை நாளாக நடந்த கூத்து அந்த நொடியில் விளங்கிவிட்டது. பன்னிரண்டு நாளாக டோரதி, "உனக்குத் துணையா நானும் நோன்பு" என்று தென்னூரில் ஜீனத் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஜீனத்தின் அம்மா சாரா பீவி நெகிழ்ந்துபோனார். மன்னார்புரத்தில் தன் வீட்டில் சகாயம்மாளும் நிம்மதியாக இருந்தார். இரண்டு வீடும் மெச்சின. இரண்டு வீட்டிலும் அவள் சாப்பிடவில்லை.

ஜீனத் தன் நோட்டைப் பிரித்தாள். கடிகாரக் கடை அப்துல் மாலிக்கின் மகள்; எது எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் விடமாட்டாள். பள்ளி ஓட்டக் குழுவுக்கு ஸ்டாப்வாட்ச் பிடிப்பவளும் அவள்தான்.

"இதோ பாருங்க ஆன்ட்டி! தவக்காலம் ஆரம்பிச்சப்ப இருநூறு மீட்டர் இருபத்தெட்டு செகண்ட். 'கொஞ்சம் இளைச்சா பறப்பே'ன்னு கோச் சொன்னாரு. உடனே ஒருசந்தி. ஒரே வேளைச் சாப்பாடு. முதல்ல வேகம் கூடுச்சு, எல்லாரும் கை தட்டினோம். அப்புறம் இருபத்தொன்பது, முப்பது. ஈஸ்டர் முடிஞ்சும் முப்பத்தொண்ணு!"

சாவி கொடுக்காத கடிகாரம் நின்றுவிடும். உடம்பு நிற்காது, தன் தசையையே எரித்துக்கொண்டு ஓடும். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் பிடிபடாத புதிர் பிடிபட்ட பரபரப்பில் அவள் குரல் உயர்ந்தது. ஆனால் சகாயம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எம் மக நாற்பது நாளும் ஒருசந்தின்னு கோயில்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேனே. வரட்டும் அவ..."

"திட்டாதீங்க ஆன்ட்டி. சிக்கின வாட்ச்சைத் தட்டினா இன்னும் கெட்டுப்போகும். என்கூட வாங்க."

அன்று மாலை ஜீனத் வீட்டில், பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கஞ்சிக் கிண்ணங்கள் வந்தன. டோரதி எழுந்தாள். வாசலில் அவள் அம்மா நின்றார்.

"போட்டுக் குடுத்துட்டியாடி?" என்று ஜீனத்திடம் திரும்பினாள்.

"ஆமா, குடுத்தேன். எங்க நோன்பு பாங்கு சொன்னா முடியும். உங்க ஒருசந்தி ஈஸ்டர்ல முடியும். உன்னோடது எப்படி முடியும்டி?"

டோரதி திரும்பவும் உட்கார்ந்தாள். "தெரியல. பசிக்குது. ஆனா சாப்பிடப் பயமா இருக்கு. கை வரமாட்டேங்குது, ஜீனு."

பிடிவாதம் என்றல்லவா நினைத்திருந்தாள் ஜீனத்! பயமா? எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டதே! அவள் தோழியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "லூசு, ஏண்டி குதிக்கிற?" என்று அழுகையோடு சிரித்தாள் டோரதி.

மறுநாள் காலையில் மூவரும் லேடி டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். சோதித்துப் பார்த்தபின் அவர் சொன்னார்: "இது நோய்ங்க. வீம்பு இல்ல. சீக்கிரம் வந்துட்டீங்க, சரியாயிடும், ஆனா மாசக்கணக்கா ஆகும். வேளாவேளைக்கு எல்லாரும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்க. வாரா வாரம் என்கிட்ட வரணும். இப்போதைக்கு ஓட்டம் வேண்டாம். இன்னொண்ணு, குண்டு ஒல்லின்னு யாரும் அவகிட்ட பேசக் கூடாது. பாராட்டாக்கூட."

மே மாதத் தேர்வு ஓட்டத்தில் டோரதி கலந்துகொள்ள முடியாமல் போயிற்று. அந்தக் கோபத்தில் இரண்டு நாள் ஜீனத்தோடு பேசவில்லை. கோச்சிடம் சகாயம்மாள் நேரில் போய் என்ன பேசினாரோ, மைதானத்தில் உடம்பைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது.

இருபத்தேழாம் நோன்பன்று டோரதி நோன்பில்லாமலே கஞ்சிக்கு வந்தாள். அம்மாவும் கூட வந்திருந்தார். கஞ்சிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ரோஷன் பேகம் அவளைப் பார்த்து, "அட, பிள்ளை நல்லா இளைச்சு..." என்று தொடங்கினார்.

"ரோஷன், அந்தப் பேச்சு இந்த வீட்ல கிடையாது. அந்தத் துவையலை இப்படித் தள்ளு" என்றார் சாரா பீவி.

டோரதி ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். கிண்ணத்தையே பார்த்தாள். சகாயம்மாள் துவையல் காரம் என்று புகார் சொல்ல, சாரா பீவி மறுக்க, பேச்சு அதுபாட்டுக்கு ஓடியது. இன்னொரு வாய். கிண்ணம் பாதிக்குக் கீழே இறங்கியது.

"நான் குடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றாள் டோரதி.

"எனக்கெப்படித் தெரியும்? ஸ்டாப்வாட்ச் அப்பா கடையில கிடக்கு" என்றாள் ஜீனத், பொங்கி வந்த சிரிப்பை அடக்கமாட்டாமல். "வடை வேணுமா?"

"பாதி" என்றாள் டோரதி.